பெண் அறியப்படவில்லை

கப்பல் வராத வாரம்.
பயணச்சீட்டு அறையின் பின்சுவரில்
கிராசியெத் வெள்ளைத் துணி கட்டுகிறாள்,
பாதரச விளக்கை மாட்டுகிறாள்.
அட்லாண்டிக் நடுவே இந்த ஃபுளோரெஸ் தீவில்
காற்று ஓய்ந்த இரவு
லேசில் வாய்ப்பதில்லை.

பத்தே முக்காலுக்கு வந்து ஒட்டியது.
நெல்லளவு. சாம்பல்.
பென்சில் சீவிய தூளை
யாரோ ஊதாமல் விட்டதுபோல.
முகத்துக்கு முன் நீண்ட இரண்டு உணரிகள்;
அதைத்தான் மூக்கு என்கிறார்கள்.
"இந்த மூஞ்சிக்கு இத்தனை மூக்கா?"
பெல்மீரு கொட்டாவி விட்டுத்
தூங்கப் போனான்.

பொருந்தும் பெயர்கள் இரண்டு.
ஒன்றின் முன்சிறகில் எட்டு வடிவக் கறை.
மற்றதில் அந்த எட்டு
மேலே மூடாமல் திறந்திருக்கும்.
இதற்கோ, எட்டு இருக்கவேண்டிய இடத்தில்
செதில் உதிர்ந்து வழுக்கை.

நூலில் ஒன்றரை வரி:
பெண் அறியப்படவில்லை.
புழு எதைத் தின்னும், தெரியாது.
எழுதியவர் தீவில் தங்கியது நான்கு நாள்,
மூன்று நாள் மழை.

உறுதி வேண்டுமா, வழி உண்டு.
ஒரு ராத்திரி குளிர்பெட்டியில்.
பிறகு வயிற்றைக் கிள்ளி எடுத்து
காரக் கரைசலில் கொதிக்கவைத்து
கரையாமல் எஞ்சும் கொக்கியை, உறையை
கண்ணாடிச் சில்லில் விரிப்பது.
இணை மட்டுமே படிக்கும் எழுத்தில்
பெயர் அங்கே இருக்கிறது.
நாற்பத்தொரு முறை செய்திருக்கிறாள்.
கை நடுங்கியதில்லை.

குப்பியைத் திறந்து நெருங்கும்போது
பூச்சி துணியை விட்டு இறங்கியது.
எரிமலைக் கல் இடுக்கில்
விரல் அகலப் பாசி.
அதில் நின்று
வால் நுனியை வளைத்து
ஈரத்துக்குள் எதையோ தேடியது;
கொஞ்சம் தள்ளிப் போய்
மறுபடியும் வளைத்தது.

கிராசியெத் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அந்தப் பாசியைத்தான்
துறைமுகத் தலைவர் எலியோதோரு ஆணைப்படி
மே மாதந்தோறும் வெளுப்பான் ஊற்றித்
தேய்த்துக் கழுவுகிறாள்,
பதினாறு வருஷமாய்.

தூறல் விழுந்தது.
குடையை விளக்குக்குப் பிடித்தாள்,
தனக்கில்லை.
ஒன்றரை மணி. இரண்டு.
அது முட்டையிட்டு முடிக்கும்வரை
காத்திருந்தாள்.
பிறகு
குப்பியை மூடினாள்,
பூச்சி உள்ளே இருந்தது.

காலையில்
விற்காத சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதிச்
சுவரில் ஒட்டினாள்:
இந்த ஒரு சாணைக் கழுவவேண்டாம்.
காரணம் பிறகு சொல்கிறேன்.

ஏட்டில், பெயருக்கான கட்டத்தில்
ஒரு கேள்விக்குறி.
உணவு என்ற கட்டத்தில்
பாசி என்று எழுதி,
அதற்கும் ஒன்று போட்டு,
பிறகு அந்த இரண்டாவதை மட்டும்
அடித்தாள்.

அடித்தது அவசரமோ என்று
மதியக் கப்பலுக்குச் சீட்டுக் கிழிக்கும்போது
தோன்றிற்று.