காலப் பேரம்

குயின்பியனில் ஒரு குளிர்காலம் முழுக்க
எனக்குக் கதவு தட்டும் வேலை.
மணிக்கு இருபத்தாறு டாலர், பெட்ரோல் தனி.
கேட்க வேண்டியது ஒன்றுதான்:
நடை தடுமாறும், குளிக்கத் துணை வேண்டும்,
வலி ஓயாது, மனம் கொஞ்சம் கலங்கியிருக்கும்.
இப்படிப் பத்து ஆண்டு இருப்பீர்களா,
இல்லை, ஒரு குறையுமில்லாமல் ஏழு போதுமா?
ஏழு போதும் என்றால் ஆறு என்பேன்.
ஆறுக்கும் தலையாட்டினால் ஐந்து.
மீன்காரியிடம் பேரம் பேசுவது போலத்தான்,
தராசில் கிடப்பது மட்டும் மீன் இல்லை.

லாரி ஓட்டிய கெல்வின் ஸ்ட்ரட்
ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்றார்.
நாய் இருக்கிறதாம்.
மாசிடோனியாக்காரி ஸ்தோயங்கா திருப்பிக் கேட்டாள்,
'அந்தப் பத்து வருஷமும் கூட யார் இருப்பார்கள்?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
காதில் பாட்டோடு வந்த ஒரு பையன்
ஒன்பது ஆண்டை வாசலிலேயே கொட்டிவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டான்.

எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார்கள்.
நாயும் வகுபட்டது.
0.58 என்று வந்தது.

பதினொரு வருஷம் கழித்து
கான்பெராவில், வோடனில், நாலாம் மாடியில்
அதே எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறேன்.
புது மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.
பெயர் வழக்கம்போல 'மாப்' என்று முடிகிறது.
ஆயுளில் பதினொரு மாதம் கூட்டும் என்கிறது கம்பெனி,
நம்புகிறேன், சோதனை ஒழுங்காகவே நடந்திருக்கிறது.
பதினொன்றை 0.58-ஆல் பெருக்கினால்
மில்லுக்குப் போன நெல்லாய்
ஆறு மாதம் சொச்சம் திரும்பி வருகிறது.
உமி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

விலை இரண்டு.
ஒன்று ஊருக்குச் சொல்வது.
மற்றதன்மேல் கறுப்புப் பட்டை.
மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில்
விரல் பிடித்துப் பேசுவார்களே, அதேதான்,
இங்கே துண்டுக்குச் சட்டப் பிரிவு எண் உண்டு.

இணைப்பு ஏழு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு:
கூமாவிலிருந்து மெரில் டக்கர் எழுதுகிறாள்.
சோதனையில் இருந்த பதினாறு மாதமும்
தானே காரோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாளாம்,
வழியில் ப்ரெட்போவில் நிறுத்தி ஒரு காப்பி.
சோதனை முடிந்தது. இப்போது தங்கை ஓட்டுகிறாள்.
'அவள் ப்ரெட்போவில் நிறுத்துவதில்லை.'
அவ்வளவுதான் கடிதம்.
காப்பிக்கு என்ன எண் போடுவது என்று
மதியம் முழுக்க அந்தக் கட்டத்தையே பார்த்திருந்தேன்.

மெரிலுக்குக் கொடுக்கும் பணம்
வேறு ஒருவரிடமிருந்து எடுப்பது.
அந்த ஒருவருக்கு முகமில்லை, இணைப்பில் பக்கமில்லை.
பர்க்கில் டயாலிசிஸ் நாற்காலிக்குக் காத்திருக்கலாம்.
கடிதம் எழுதவில்லை,
எழுதலாம் என்றே தெரிந்திருக்காது.
என் சம்பளம் அவருக்காகத்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்,
புதன்கிழமைகளில் நம்பவும் செய்வேன்.

குழுவின் முடிவு வந்தது:
இந்த விலைக்குப் பரிந்துரை இல்லை.
வரைவில் 'பரிந்துரை இல்லை' என்று மட்டும் இருந்தது.
'இந்த விலைக்கு' நான் சேர்த்தது.
மூடும் கதவிடுக்கில் வைத்த செருப்பு.
யாரும் அதை எடுத்துவிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது.
அந்தக் குளிர்காலத்தின் கடைசி நாள்
ஒரு படிவம் குறைந்தது. மழை. யாரும் திறக்கவில்லை.
காருக்குள் உட்கார்ந்து நானே நிரப்பினேன்.
வயது இருபத்துநாலு, நல்ல பசி,
முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம்.
பத்துக்குப் பதில் நாலு போதும் என்று எழுதினேன்.
யோசிக்கவில்லை, கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

0.58-இல் மூன்றாம் தசமத்தில் எங்கோ
அந்த நாலும் இருக்கிறது.
அறிக்கையில் இரண்டு தசமம்தான் அச்சிடுவோம்.