இழுக்காத தழும்பு

இந்த ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆனால் ஓர் ஆறும் கண்ணில் படாது.
எல்லாவற்றையும் தெருவுக்கு அடியில் குழாயில் விட்டு
மேலே கல் பாவிவிட்டார்கள்.
வூச் நகரில் டிராம் ஏறுகிறவர்கள்
தெரியாமல் தண்ணீர்மேல் போகிறார்கள்.

தோல் செய்யக் கற்க
இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.
அடியில் நீலம். அதன்மேல் பல் துலக்கும் பிரஷால்
தெறித்த சிவப்பு.
அதற்கும் மேல்தான்
நாம் நிறம் என்று சொல்லிக்கொள்வது.
மேலே மட்டும் பூசினால் அது சுவர்.

முதல் பருவத்தில்
ஓல்கியெர்ட் என் முகத்தின்மேல் அச்சுக்கூழ் ஊற்றினான்.
ஆறிய கஞ்சி.
மூக்குத் துளை இரண்டு மட்டும் வெளியே.
பேசக் கூடாது; கட்டைவிரல் நிமிர்ந்திருந்தால்
உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.
அந்த இருட்டில் நான் கலையை நினைக்கவில்லை,
வாடகையை நினைத்தேன்.
உரித்து எடுத்தபோது
அதுவும் பதிந்திருந்தது, இரு புருவத்துக்கு நடுவில்.
அலமாரியில் கண்மூடிய இருபத்திரண்டு பிளாஸ்டர் முகங்கள்.
மற்றவர்கள் உறங்குகிறார்கள்.
நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் பருவம், பணி நான்கு:
கழுத்தில், பதினைந்து வருடப் பழைய தீக்காயம்.

சிலிக்கோன் உறையவில்லை.
மூன்றாம் நாளும் பலாப்பிசினாய் விரலோடு வந்தது.
ரப்பர் கையுறையிலுள்ள கந்தகம் அதற்கு ஆகாதாம்;
புட்டியின் முதுகில் எறும்பளவு எழுத்தில் இருந்தது.
அறுநூறு ஸ்லோட்டி.
பியரோகிக் கடையில் ஒன்பது இரவு
மாவின் விளிம்பை அழுத்தி அழுத்தி மூடினேன்.
அம்மா போனில் சொன்னாள்:
"நீ மருத்துவம் படிப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.
காயம்தானே, ரெண்டும் ஒன்றுதானே?"

மறுபடி வார்த்தேன். கையுறை மாற்றி.
விளிம்பு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது
என்று எனக்கே தெரியாத அளவுக்கு
அசிட்டோனால் கரைத்தேன்.
கழற்ற மனமில்லை.
தெருவிளக்கில் எப்படி இருக்கும் என்று பார்க்க
சால்வையைத் தளர்த்தி
இரவு டிராமில் ஏறினேன்.

நவம்பர். ஆறு பேர்.
ஒருவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் ஜன்னலுக்குத் திரும்பினார்.
ஒரு சிறுவன் வாய் திறந்தான், அவன் அப்பா மூடினார்.
உள்ளுக்குள் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்;
வெட்கமாகவும் இருந்தது.

டிக்கெட் பரிசோதகி வந்தாள்.
என் வயதுதான். அட்டையில் ஹல்ஷ்கா என்று பெயர்.
என் சீட்டைக் கேட்கவில்லை.
கழுத்தையே பார்த்தாள்,
கறிக்கடையில் எடை பார்க்கிறவள்போல.

"தலையைத் திருப்பு."
திருப்பினேன்.
"இந்தப் பக்கம்."
திருப்பினேன்.

"பொய்" என்றாள். கோபமில்லை.
தன் சீருடைக் காலரின் பொத்தானை அவிழ்த்தாள்.
காதுக்கடியிலிருந்து காறை எலும்பு வரை
ஒரு கயிறு, உள்ளேயிருந்து.
அவள் திரும்பியபோது
கீழுதடும் கொஞ்சம் கூடவே போயிற்று.
"உன்னுடையது இழுக்கவில்லை.
கோடையில் இங்கே வியர்க்காது, தெரியுமா?
சுற்றியெல்லாம் வியர்க்கும். இங்கே மட்டும் காய்ந்திருக்கும்.
நிறமெல்லாம் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய்."

எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"சீட்டு" என்றாள் அதற்குள்.
இருந்தது; இயந்திரத்தில் பதிக்க மறந்திருந்தேன்.
அபராதம் எழுதினாள்.
இரண்டு இரவு மாவு.

விடியும்வரை அச்சின் உட்புறம்
ஒரு நைலான் இழையை இறுக்கிப் பதித்தேன்.
தேர்வன்று ஓல்கியெர்ட் அதை அணிந்து உட்கார்ந்தான்.
யாரோ கூப்பிட, திரும்பப் பார்த்து
முடியாமல்
தோளோடு சேர்ந்து முழு உடம்பாகத் திரும்பினான்.
அறையில் ஒரு நொடி பேச்சு நின்றது.

மதிப்பெண் தாளில் ஒரு குறை:
"அணிபவரின் அசைவைத் தடுக்கிறது."

அதைக் கோப்பில் வைக்கவில்லை.
முதல் பக்கத்தில் இருப்பது அபராதச் சீட்டு,
நீல மையில், அவள் கையெழுத்தோடு.
வேலை கேட்டுப் போகுமிடங்களில்
இதுவும் உன் படைப்பா என்கிறார்கள்.