கந்தம்பட்டி, இழைப்பு மில்

வேங்கைக்கு அவசரம் ஆகாது.
நார் எதிரும் புதிருமாய் ஓடும்,
கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் இறங்கிவரும்.
தேக்கு சொன்ன பேச்சு கேட்கும்,
ஆனால் சாயங்காலத்துக்குள் பிளேடு மழுங்கியிருக்கும்:
உள்ளே மணல் வைத்திருக்கிறது, அமுக்கமாய்.
பலாத்தூள் மஞ்சள்
இரண்டு நாள் சோற்றுக்கையை விடாது.

ஏற்காட்டு லாரியில் வந்த சில்வர் ஓக்கை
சாதுவென்று நினைத்துத் தள்ளினேன்.
தீப்பொறி.

மிளகுக்கொடி ஏற்ற
எந்தக் காலத்திலோ எவரோ அடித்த ஆணி.
அதையும் சேர்த்து மூடிப் பருத்திருக்கிறது மரம்.

"தெய்வானை, பிளேடு என்ன விலைன்னு தெரியுமா?"
தெரியும்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

கழித்த பலகையை நானே கேட்டு வாங்கினேன்.
ஆணியைச் சுற்றி நீலக்கறை,
எந்த உப்புத்தாளுக்கும் போகவில்லை.
அப்படியே பாலிஷ் அடித்தேன், இரண்டு கை.

இப்போது அதன்மேல்
குக்கர் இருக்கிறது.