காலி அறை

இரண்டு ஸ்பீக்கரும் நல்லவைதான், குறை சொல்லக் கூடாது.
பாடுகிறவர் மூச்சு எடுப்பது வரை கேட்கும்.
ஆனால் மிருதங்கம் பாதிதான் வரும்.
வலந்தலை கணீரென்று பேசும்,
தொப்பி
வாயைத் திறந்து மூடும், சத்தம் இருக்காது,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் பேங்க் கேஷியர் மாதிரி.
(நான்தான் அந்தக் கேஷியர். எனக்குத் தெரியும்.)

புதுவயலில் ஒரு மண்டபத்தை மூடினார்கள்.
சப்வூஃபர் ஒன்று, பத்து அங்குலம், ஓரம் சற்று நைந்தது,
ஆறாயிரம் என்று ஆரம்பித்து நாலரைக்கு முடிந்தது.
ஷேர் ஆட்டோவில் மடி கொள்ளவில்லை,
பக்கத்து சீட்டில் வைத்தேன்.
பள்ளத்தூர் வரை இரண்டு டிக்கெட் கேட்டான் டிரைவர்.
'இதும் ஆள்தானே ஆச்சி, எடை இருக்கே.'

எங்கே வைப்பது என்பதற்கு விற்றவர் சொன்ன வழி:
நீங்கள் உட்காரும் நாற்காலியில் பெட்டியை உட்கார வையுங்கள்,
நீங்கள் தரையில் தவழுங்கள்.
எந்த இடத்தில் சத்தம் திரண்டு வருகிறதோ
அதுதான் பெட்டியின் இடம்.

நாற்பத்தாறு வயதில், நைட்டியில்,
ஆத்தங்குடிக் கல்லில் முழங்கால் தேயத் தவழ்ந்தேன்.
தூணருகே மெலிசு.
ஜன்னலடியில் ஒன்றுமே இல்லை.
அவர் பேப்பரை இறக்கி ஒரு தரம் பார்த்தார்,
மறுபடி ஏற்றிக்கொண்டார்.

வளவின் வடமேற்கு மூலையில்
பூட்டிய கதவுக்கு முன்னால்
தொப்பி வாய் திறந்தது.
தொம்.
கிணற்றுக்குள் வாளி தண்ணீரைத் தொட்டது போல,
என் அடிவயிற்றில்.

அந்த அறை எங்கள் பங்கில்லை.
சாத்தப்பன் பங்கு. இவருக்குப் பெரியப்பா மகன்.
பதினோரு வருஷமாய் தேவகோட்டை கோர்ட்டில்
அவர் வாதி, இவர் பிரதிவாதி;
இன்னொரு கேஸில் தலைகீழ்.
சாமான் பட்டியல் ஐந்தாம் பக்கத்தில்
சாத்தப்பன் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி:
மேற்படி அறை காலி.

அறைதான் அவர்களுடையது, வளவு பொது.
கதவுக்கு முன்னால் பெட்டியை வைத்தேன்.
குமிழை எண்பதில் நிறுத்தினேன்.
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பெட்டிக்கு,
மேலே உள்ளது ஸ்பீக்கர்களுக்கு.
இவ்வளவு சுலபமாய் ஒரு பாகப்பிரிவினை
இந்த வீட்டில் நடந்ததே இல்லை.

பின்னால் ஒரு குட்டி சுவிட்ச்: சைபர், நூற்றியெண்பது.
இது தள்ளும்போது அவை இழுத்தால்
எல்லாம் உழைக்கும்,
நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் வந்து சேராது.
தட்டிவிட்டேன். சத்தம் எழுந்து நின்றது.

தனி ஆவர்த்தனம். மிஸ்ர சாப்பு.
தொப்பி விழும் ஒவ்வொரு முறையும்
எங்கோ கிணிகிணி.
பெட்டியை அழுத்திப் பிடித்தேன், அது இல்லை.
ஒயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன், அதுவும் இல்லை.
பிறகு காதைக் கதவில் வைத்தேன்.

எனாமல் அடுக்கு, ஒன்றுக்குள் ஒன்று,
இருபதுக்குக் குறையாது.
கண்ணாடிக் கிண்ணங்கள், இன்னும் மெலிசாய்.
அடியில் ஒரு பித்தளை அண்டா,
அது மட்டும் தாமதம்,
எல்லோரும் முடித்த பிறகு தலையாட்டுகிற ரசிகர் போல.

அவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்.
'வக்கீலுக்குப் போன் போடு.'
'போட்டு?'
'உள்ள சாமான் இருக்குன்னு சொல்லு.'
'யாரு பார்த்தது?'
அவர் பெட்டியைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
பக்கவாசல் வழியாக உமையாளாச்சி வந்தாள்,
சாத்தப்பன் மனைவி.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் என்று
எழுந்து போனேன்.
'இருக்கட்டும்' என்றாள்.
'எங்க பக்கம் செவுத்துல சாஞ்சா முதுகுல கேக்குது.
அந்தத் தொம்முன்னு வர்ற எடம்,
அத இன்னொருக்கா போடேன்.'

போட்டேன்.
பூட்டுக்குப் பின்னால் அடுக்குகள் சொல்லின.
கிண்ணங்கள் சொல்லின.
அண்டா, தாமதமாய்.
நாங்கள் இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் இடுப்பில் சாவிக்கொத்தும்
லேசாகக் கிணுகிணுத்தது.
அதை மட்டும்
கைக்குள் பொத்திக்கொண்டாள்.