கசிவு கேட்பவள்

இரவு மூன்று மணி. லா லத்தீனாவின் சரிவுத் தெருவில்
ஒப்துலியா இரும்புக் கோலை நடைபாதையில் ஊன்றி
மறுமுனையில் காதை வைக்கிறாள்.
குடிநீர் வாரியச் சம்பளம். பதினோரு வருடம்.
எங்கோ ஒரு குழாய் விம்முகிறது.
எங்கே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மாட்ரிட்டுக்குப் பெயர் கொடுத்ததே தண்ணீர் என்பார்கள்.
சிக்கிமுக்கிக் கல்லில் மதில் எழுப்பியவர்கள்
அரபு பேசிக்கொண்டே இருட்டுக்குள் வாய்க்கால் தோண்டினார்கள்.
மதில் மேல் சிலுவை ஏறியது.
தண்ணீரை யாரும் மதம் மாற்றவில்லை.

பிறகு ஓர் அரசன் பெட்டி படுக்கையோடு வந்திறங்கி
இதுதான் தலைநகர் என்றான்.
கப்பல் வராத ஊர்,
கோடையில் முழங்கால் நனையாத ஆறு.
கடல் கடந்து வெள்ளி வந்து குவிந்தது;
குடத்துக்கு வரிசை குறையவில்லை.

கோலை நகர்த்துகிறாள்.
இங்கே ஒரு மே மாதம் பிரெஞ்சுக் குதிரைகளைச்
சமையல் கத்தியோடு மறித்தார்கள்.
அங்கே, குண்டு விழுந்த மூன்று குளிர்காலம்
சுரங்க ரயில் மேடையில் மெத்தை விரித்துக் கிடந்தார்கள்.
அதற்குப் பின் வெகுகாலம்
ஊரே தாழ்ந்த குரலில் பேசியது.
அவள் அப்பா இன்னும் அப்படித்தான்,
உப்பு கேட்கும்போதுகூட.
இந்தக் காது அந்த மேசையில் பழகியது.

போதையில் ஒரு பையன் நின்று கேட்கிறான்:
‘கீழே என்ன சொல்கிறார்கள்?’
‘கொஞ்சம் வாயை மூடு.’

இதோ.
சுண்ணாம்புக் கட்டியால் கல்லில் ஒரு பெருக்கல் குறி.
காலையில் வந்து தோண்டுவார்கள்.
உடைந்த குழாய் கிடைக்கலாம்,
யாருடையதோ கூரையும் கிடைக்கலாம்.
கூரைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.