கழற்றிய கதவுகள்

கோயம்புத்தூர் டாக்டர் ஒரு சீட்டில்
நாலு எழுத்து எழுதிக் கொடுத்தார்.
முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு பெயர்.
திரும்பும் வழியில் பர்லியாறில் பஸ் நிற்க
மங்குஸ்தான் வாங்க இறங்கினேன்.
சீட்டு அங்கேயே போயிற்று.

அருவங்காடு குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை.
மூன்று மணிக்கு மூடுபனி ஏறிவந்தால்
எதிரே பிலோமினா வீடு இல்லை
வேலி இல்லை, கற்பூர மரம் இல்லை.
எனக்கு இது புதிதல்ல.
இழுப்பறையைச் சாத்தினால் போதும்
உள்ளே கிடக்கும் கத்தரிக்கோல்
உலகத்தை விட்டே போய்விடும்.
எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் ஏழு.
ஏழும் அவசரத்துக்கு வாங்கியவை.

ஆடியில் ஒரு ராத்திரி
காஸ் ரசீதைத் தேடப் போனவள்
ஸ்க்ரூ டிரைவரைக் கண்டெடுத்தேன்.
அதற்கப்புறம் மணி பார்க்கவில்லை.
சமையலறை மேலடுக்கு, துணி அலமாரி,
மகளின் புத்தகப் பெட்டி, மருந்துப் பெட்டி.
விடிந்தபோது மிச்சமிருந்தது
வாசல் கதவும் குளியலறைக் கதவும்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஹாலன்
குல்லாவைக்கூடக் கழற்றாமல் நின்றான்.
"திருடன் வந்தானா?"
"இல்லை. இப்பத்தான் எல்லாம் இருக்கு."

துவரம்பருப்புக்குப் பக்கத்தில் அவனுடைய பி.பி. மாத்திரை.
சட்டைக்கு மடிப்பு கிடையாது, ஆணிதான்.
எங்கே வைப்பதென்று தெரியாததற்கெல்லாம்
'நாளைக்கு' என்று பெயரிட்ட ஒரு மூங்கில் கூடை.

டம்ளரைக் கழுவப் போனவள்
வழியில் சாக்ஸைப் பார்த்து
சாக்ஸால் கொடிக்கம்பியை நினைத்து
கொடியடியில் கோஸ் நாற்றுக்குக் களை எடுத்து
இருட்டிய பிறகு டம்ளரோடு திரும்புவேன்.
முன்பு இதற்காக என்னையே ஏசிக்கொள்வேன்.
இப்போது கையில் ஒரு பக்கெட்.
கை காட்டும் இடமெல்லாம் நிற்கிற
மலைப்பாதை மினி பஸ் நான்.
ஏறுகிறவர் ஏறலாம்.
எப்படியும் எல்லா நிறுத்தமும் போவேன்.

ஆலைச் சங்கு ஊதினால் தொடங்குவேன்.
ஊட்டி ரயில் கூவினால் விட்டுவிடுவேன்.
இடையில் எவ்வளவு ஆனதோ அவ்வளவு.
ரயில் தாமதமாகிற நாளில்
வீடு பளபளக்கும்.

எல்லாம் நல்லதுக்கு என்று சொல்லமாட்டேன்.
பால் பொங்கி அணைந்த அடுப்புக்கு முன்னால்
உட்கார்ந்து அழுத நாள் உண்டு.
மகளின் பள்ளிக் கட்டணத்தை
இரண்டு முறை கட்டினேன்.
அதற்கு முந்தைய வருடம் கட்டவே இல்லை.

ஐப்பசி மழை பதினோரு நாள் விடவில்லை.
வரிசை முழுக்க மூடிய பீரோக்களில்
பூஞ்சை பூத்தது.
பட்டு, பெல்ட், ஆல்பம், வீட்டுப் பத்திரம்.
பிலோமினா தன் கல்யாணப் புடவையை
இறந்த பூனையைப்போல் ஏந்தி வந்தாள்.
என் புடவைகள் கூடத்துக் கம்பியில்
அடுப்புச் சூடு பட்டு மொடமொடவென்று தொங்கின.
"எப்படிடி?"
"எனக்கு மூடத் தெரியாது."
மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைக் கடன் வாங்கிப் போனாள்.
யாரிடம் கொடுத்தேன் என்று நான் தேடும்போதெல்லாம்
"என்கிட்டதான்" என்று
ஜன்னலிலிருந்து கத்துகிறாள்.

கழற்றிய கதவுகளில் ஒன்று
ஆளுயரக் கண்ணாடி பதித்தது.
கொல்லையில் சாய்த்துவிட்டு
மறந்துபோனேன்.
நேற்று விடியலில் ஒரு காட்டெருமை
பனிக்குள்ளிருந்து வந்து அதன்முன் நின்றது.
தன் கொம்பைப் பார்த்தது.
மூக்கால் மூச்சுவிட்டு
கண்ணாடியில் தன்னைத் தானே மறைத்தது.
ஆவி கலையும்வரை காத்திருந்து
மறுபடியும் பார்த்தது.
கோஸைத் தொடாமல் போய்விட்டது.

கதவை உள்ளே எடுத்துவைக்க வேண்டும்.
கரித்துண்டால் சுவரில் எழுதியிருக்கிறேன்.
சுவரில் ஏற்கனவே
எழுதியிருந்தவற்றுக்கு நடுவில்.