ஐந்தாம் இடம்

டாக்டர் ப்ரஷியர்,
நேற்றைய கோப்புகளில் ஒன்று மட்டும்
என் திரையை விட்டு நகரவில்லை.
டெல்ஃபா ஸ்டம்போ. வயது முப்பத்தாறு. லெட்சர் கவுண்டி, கென்டக்கி.
நீங்கள் எழுதியது இவ்வளவுதான்:
“மேல்வரிசையில் பத்துப் பல் இல்லை. கட்டுப்பல் வேண்டும்.”

இல்லை, சரி.
எதனால் இல்லை?

குறியீட்டின் ஐந்தாம் இடம் அதற்கென்றே காத்திருக்கிறது.
அடிபட்டு விழுந்திருந்தால் ஒன்று.
ஈறு கைவிட்டிருந்தால் இரண்டு.
சொத்தை தின்றிருந்தால் மூன்று.
ஒன்றும் எழுதாவிட்டால் சுழியம்,
பிடுங்கிய குழியைப் போலவே வாய் பிளந்த வட்டம்.
சுழியத்தோடு அனுப்பிய மூன்று கோப்புகள்
போன மாதம் அப்படியே திரும்பி வந்தன.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவள் விஷயத்தில் உங்கள் சொல் போனதால்
பல் போனதே கணக்கில் வரவில்லை.

இதற்குக் கீழே நான் எழுதி, பிறகு அழித்தவை:

எக்ஸ்ரே பார்த்தேன். கீழே மிஞ்சிய ஏழில்
ஐந்தின் நடுவே கறுப்பு.
பெட்ரோல் பங்கின் பின்கட்டில் கோழி பொரிக்கிறாள்,
பன்னிரண்டு மணிநேரம், கையெட்டும் தூரத்தில் சோடா.
வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் துரு நிறம்;
சுரங்கத்தை மூடியும் நிறம் மாறவில்லை.
இரண்டாயிரத்துப் பதினொன்றில் இலவச முகாம்,
பள்ளிக்கூட ஜிம்மில், மடக்கு நாற்காலியில்,
ஒரே காலையில் மூன்று.
அதற்கும் முன்னால் ஒன்றைக் குறடு வைத்துத் தானே...
நர்ஸ் லவோனின் குறிப்பில் இருக்கிறது.
குடும்ப வரலாறு என்ற கட்டத்தில்:
தாய்க்கு முப்பதிலேயே முழுச் செட்.

தெரிந்ததை வைத்து ஊகிக்கக் கூடாது என்பது விதி.
கேள்வி எந்தப் பக்கமும் சாயக் கூடாது.
அழித்தேன்.

அனுப்பியது ஒரே வரி:
“பல்லிழப்புக்குக் காரணம் என்ன? பதிவு செய்யவும்.”

மாலையில் பதில்:
“ட்வைலா, இந்த ஊரில் வேறென்ன?”

வேறென்னவுக்கு எண் கிடையாது, டாக்டர்.
எல்லோருக்கும் தெரியும் என்று
யாரும் எழுதாமல் விட்டது
இந்த ஊரில் நடந்ததாகவே ஆகாது.
முழுதாய் எழுதுங்கள், தேதியோடு.

இரவு பதினொன்று நாற்பதுக்குக் கோப்பில் ஒரு பிற்சேர்க்கை.
“காரணம்: சொத்தை.” கையொப்பம்.
தாடை எலும்பு எந்த வகையில் மிஞ்சியிருக்கிறது என்பதை
எழுத மறந்துவிட்டார்.
மறுபடி எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை.
ஆறாம் இடத்தில் ஒன்பது போட்டேன், வகை தெரியவில்லை என்று.
ஐந்தாம் இடத்தில் மூன்று.

மூன்றைத் தட்டும்போது விரல் கொஞ்சம் அழுத்தியே விழுந்தது.
அவளுக்கு அது தெரியப்போவதில்லை.
பல் வந்தால் வாய் நிறைய ஆப்பிள் கடிக்கட்டும்.

அடுத்த கோப்பு.
ஆண், ஐம்பத்திரண்டு.
“பற்கள் அறவே இல்லை.”

டாக்டர் ப்ரஷியர்,